முன்னால் 25 பல்லா, 44 பல்லா?

கேள்வி: மானகிரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாடகை சைக்கிள் ஓடிய காலத்திலிருந்து இதே தொழில். எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து பழைய பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். முன்னால் 44 பல், பின்னால் 16 பல். கண்மாய்க் கரையில் ஏறி இறங்குகிறார், படிக்கட்டில் குதிக்கிறார், காரைக்குடிக்கும் அதிலேயே போய் வருகிறார். இப்போது உள்ளங்கை அகலத்தில் 25 பல் செயின் வீல் ஒன்றைக் கொண்டுவந்து, முன்னால் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டித் தாருங்கள் என்கிறார். "வெளிநாட்டில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள், வேகம் குறையாது" என்று சாதிக்கிறார். முன் வீல் சின்னதானால் மிதி லேசாகும், வண்டி ஓடாது என்பதுதான் நான் கற்ற தொழில். யார் சொல்வது சரி? மாட்டலாமா?

— வாசகர், மானகிரி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் தம்பி பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த 25 பல் வீலுக்குப் பின்னால் ஜோடியாக 9 பல் வரவேண்டும். 16 பல் ஃப்ரீவீலை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் மாற்றினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஆகவே இன்றைக்கு மாட்டாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 44ஐ 16ஆல் வகுத்தால் 2.75. மிதி ஒரு சுற்று வந்தால் பின் சக்கரம் இரண்டே முக்கால் சுற்று வரும். 25ஐ 9ஆல் வகுத்தால் 2.78. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் கண்டுபிடிக்காது. இடையில் உள்ள ஜோடிகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: 36–13 என்றால் 2.77, 33–12 என்றால் 2.75, 30–11 என்றால் 2.73, 28–10 என்றால் 2.8. பல் எண்ணிக்கை முன்னும் பின்னும் சேர்ந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறதே தவிர, விகிதத்தை யாரும் பெரிதாகத் தொடவில்லை. மிதி கனமா லேசா, வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த விகிதம்தான்.

தூரத்தில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பி.எம்.எக்ஸின் 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.56 மீட்டர் போகும். 44–16இல் ஒரு மிதிச் சுற்றுக்கு 4.3 மீட்டர். 25–9இல் அதைவிட நாலு சென்டிமீட்டர் போலக் கூடுதல், அவ்வளவுதான். தம்பி கேட்கிறபடி 25–16 ஆக மாட்டினால் 2.44 மீட்டருக்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிற ஆள் 44–16இல் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போவார். 25–16இல் அதே கால் வேகத்துக்கு 12 கிலோமீட்டர்கூடத் தேறாது. காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் கால் பம்பரமாகச் சுற்றியிருக்கும்.

உங்கள் கடைக்கு வரும் 28 அங்குல ரோட்ஸ்டரை இதோடு ஒப்பிடுங்கள். அதில் பொதுவாக முன்னால் 44 அல்லது 48, பின்னால் 18. விகிதம் 2.44இலிருந்து 2.67 வரை, அதாவது பி.எம்.எக்ஸைவிடக் குறைவு. ஆனாலும் சக்கரம் பெரியது என்பதால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டரையொட்டிப் போகும். முன்னால் 44 பல் என்று பார்த்ததும் இரண்டும் ஒரே வேகம் என்று நினைத்துவிடக் கூடாது. காரைக்குடி சாலையில் பி.எம்.எக்ஸ் மெதுவாகப் போவதற்குக் காரணம் அதன் சின்னச் சக்கரம். செயின் வீலை எந்த அளவுக்கு மாற்றினாலும், விகிதம் மாறாதவரை அந்தக் குறை தீராது. தம்பிக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

பி.எம்.எக்ஸ் ஓட்டுகிறவர்கள் '55 அங்குல கியர்' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 20 அங்குலத்தை 2.75ஆல் பெருக்கினால் 55. இந்தக் கணக்கின் வேர் பழைய சைக்கிளில் இருக்கிறது. முன் சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின் சக்கரம் முழங்கால் உயரத்துக்கும் இருந்த பழைய சைக்கிளில் மிதி நேராக முன் சக்கரத்திலேயே இருந்தது. அங்கே சக்கரத்தின் விட்டம்தான் கியர். 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின் சக்கரத்தை இழுக்கும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அதன் பிறகும் பழைய கணக்கு போகவில்லை. உங்கள் ரோட்ஸ்டரில் 44–18 என்றால் 68 அங்குலம். ஆடி மாதத்துக் காற்றில் எதிர்த்து மிதித்துப் பார்த்தவருக்கு 55க்கும் 68க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, விகிதம் ஒன்றுதான் என்றால் பல்லைக் குறைப்பானேன்? பி.எம்.எக்ஸ் பிறந்த கதை இதற்குப் பதில் சொல்லும். 1970ஐ ஒட்டி அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பையன்கள் 20 அங்குலச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களைப் போல ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்த மண் பந்தயத்துக்கு அமைந்த ஜோடிதான் 44–16. பிறகு அதே சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுபோய், நடைபாதை விளிம்பிலும் படிக்கட்டுக் கைப்பிடிக் குழாயிலும் ஏற்றி உரசிக்கொண்டு போகிற வித்தை வந்தது. அங்கேதான் பெரிய வீல் இடித்தது. 44 பல் வீலின் விட்டம் ஏறக்குறைய 17.8 சென்டிமீட்டர். 25 பல் வீலுக்கு 10 சென்டிமீட்டர்தான். ஆக, கிராங்குக்குக் கீழே 3.8 சென்டிமீட்டர் கூடுதலாக இடம் கிடைக்கிறது. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் விளிம்பில் இடித்து ஒரு பல் மடங்கினால் செயின் கழன்றுவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்றால் மிதி சட்டென்று கீழே போகும், ஆள் ஹேண்டில்பார் மேல் போய் விழுவார். முன்பல் போனவர்கள் உண்டு.

முதலில் வீலைச் சுற்றிக் காப்புத் தட்டு போட்டுச் சமாளித்தார்கள். பின் ஹப்பில் 9 பல்வரை இறங்க வழி வந்த பிறகு, 2000களில் வீலும் சுருங்கிக்கொண்டே போனது. செயினும் பதினான்கு கண்ணி போலக் குறைகிறது. எல்லாம் சேர்த்துச் சில நூறு கிராம் எடை மிச்சம். வண்டியைக் கையால் தூக்கிக் குதிக்கிறவருக்கு அதுவும் ஒரு லாபம்.

"வெளிநாட்டில் எல்லாரும்" என்பதுதான் சரியில்லை. ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் இரண்டு வகை. பந்தயம் 2008 பெய்ஜிங்கில் நுழைந்தது. எட்டு மீட்டர் உயர மேட்டிலிருந்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து இறங்குவார்கள். வித்தைப் பிரிவு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆண்களில் ஆஸ்திரேலியாவின் லோகன் மார்ட்டினும் பெண்களில் பிரிட்டனின் சார்லட் வொர்த்திங்டனும் தங்கம் வாங்கினார்கள். 25–9 என்பது வித்தைக்காரர்களின் உலகம். பந்தயக்காரர்கள் இன்றைக்கும் பெரிய வீலோடுதான் ஓடுகிறார்கள். அவர்கள் தடத்தில் வீல் இடிக்க விளிம்பு கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பின்னால் 16 இருந்தால் முன்னால் ஒரு பல் கூட்டினாலும் குறைத்தாலும் விகிதம் 0.06தான் மாறும்: 43–16 என்றால் 2.69, 45–16 என்றால் 2.81. தடத்துக்கும் காலுக்கும் தோதாக நுணுக்கமாகத் திருத்திக்கொள்ளலாம். பின்னால் 9 இருந்தால் ஒரு பல்லுக்கு 0.11 தாவும். அரைச் சக்கர நீளத்தில் வெற்றி தோல்வி முடிவாகிற இடத்தில் அந்தத் தாவல் பெரிது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். விகிதம் மாறாவிட்டாலும் செயின் மேல் விழும் இழுப்பு மாறிவிடும். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவை விளிம்பில் கை வைத்துத் தள்ளினால் குழந்தைகூடத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்தால் உடம்பு பலம் முழுவதும் தேவைப்படும். கிராங்க் நீளம் அப்படியே இருக்க, செயின் நடுவை நெருங்க நெருங்க அதே கதைதான். 60 கிலோ எடையுள்ளவர் 175 மில்லிமீட்டர் கிராங்கில் முழு எடையையும் போட்டு எழுந்து நின்றால், 44 பல் வீலில் செயின் தாங்குவது சுமார் 118 கிலோ. 25 பல் வீலில் அதே ஆள், அதே மிதி, ஆனால் செயின் தாங்குவது 207 கிலோ. குதித்து இறங்கும்போது மிதியில் விழும் அடி இதற்கு மேல்.

அந்த 207 கிலோவையும் பின்னால் வாங்கிக்கொள்வது எத்தனை பல்? செயின் பாதிச் சுற்றுதான் பல்லைப் பிடித்திருக்கும். 16 பல்லில் எட்டுப் பல் பங்கு போட்டுக்கொள்ளும். 9 பல்லில் நாலு, நாலரை. மேலும் 16 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் இருபத்திரண்டரை டிகிரி மடங்கினால் போதும், 9 பல்லில் 40 டிகிரி மடங்க வேண்டும். அவ்வளவு இழுப்போடு அவ்வளவு மடங்கினால் ரிவிட் தேயாமல் என்ன செய்யும்? பல் குறையக் குறைய வட்டம் பலகோணமாகிவிடுவதால் ஓட்டத்திலும் ஒரு தத்தல் வரும். செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்குவது 16 பல்லில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, 9 பல்லில் ஆறு சதவீதம். சிமெண்ட் திடலில் வித்தை காட்டுகிறவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். தினமும் சாலையில் போய் வருகிறவரின் காலுக்கு அது தெரியும்.

இதையெல்லாம் உங்கள் பக்கத்து மண்ணில் வைத்துப் பாருங்கள். கண்மாய்க் கரைச் செம்மண் பொடி செயினுக்குள் புகுந்தால் அரத்தூள்தான். பல கடைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை செயினுக்கு ஊற்றும் பழக்கம் உண்டு. ரோட்ஸ்டர் அதைத் தாங்கும். அதற்கு செயின் கவர் இருக்கிறது, பின்னால் பல்லும் அதிகம். பி.எம்.எக்ஸில் கவர் கிடையாது. அந்த ஆயில் மண்ணைப் பசை போல இழுத்துப் பிடித்துவைக்கும். 9 பல்லுக்கு அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். மெல்லிய ஆயிலை ரிவிட்டுக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். (கவர் இல்லாத 44 பல் வீலில் கைலியோடு ஏறுகிறவர்களையும் கண்டித்துவையுங்கள். துணி முழுவதையும் ஒரே சுற்றில் விழுங்கிவிடும்.)

செயின் தேய்மானத்தை அளக்க ஓர் அடி ஸ்கேல் போதும். புது செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஒரு ரிவிட்டின் நடுவில் ஸ்கேலை வைத்து, 24 கண்ணி தள்ளி உள்ள ரிவிட்டைப் பாருங்கள். அரை நூல் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். ஒரு நூல் கூடியிருந்தால் பல்லும் போயிருக்கும், புது செயின் மட்டும் போட்டால் தத்தும். சென்னையிலிருந்து வந்த பழைய வண்டி என்கிறீர்கள், முதலில் இதை அளங்கள். தம்பிக்கு வண்டி சரியில்லை என்று தோன்றுவதற்கே இதுதான் காரணமாகவும் இருக்கலாம். மாற்று செயினுக்கு அலைய வேண்டாம். ரோட்ஸ்டருக்குப் போடும் அரை அங்குல பிட்ச், ஒரு நூல் அகல செயின்தான் பெரும்பாலான பி.எம்.எக்ஸுக்கும். இதில் உங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸை 1949இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கி, ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் தமிழ்நாடெங்கும் ஓடவிட்ட முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். சைக்கிள் செயினும் அந்தக் குழுமத்தின் தயாரிப்புகளில் ஒன்று.

அடுத்து, 9 பல்லை எங்கே மாட்டுவது என்ற கேள்வி. தம்பியின் வண்டியில் உள்ள ஹப், ஃப்ரீவீலை மரையில் திருகி ஏற்றும் வகை என்றால், அந்த மரைக்கு 16 பல்லுக்குக் கீழே பொருந்தாது. 14, 13 பல் ஃப்ரீவீல்கள் உண்டு. ஆனால் அவற்றின் மரை சிறியது, அதற்கேற்ற ஹப் வேண்டும். 9 பல்லில் மரைக்கே இடமில்லை. அது கேசட் ஹப்பில் மட்டும்தான் வரும். பல்லும் அதைத் தாங்கும் உருளையும் ஒரே துண்டாகச் செய்த டிரைவர் அது. ஆக, ஹப்பை மாற்ற வேண்டும், சக்கரத்தைப் பிரித்துப் புதிதாகப் போக்ஸ் கட்ட வேண்டும். நம் ரோட்ஸ்டர் பின் ஹப்பில் 40 துளை. பி.எம்.எக்ஸில் பொதுவாக 36, சிலவற்றில் 48. ஆக்சிலும் வித்தைக்கான வண்டிகளில் 14 மில்லிமீட்டர் தடிமன். கடையில் கிடக்கும் எதையும் வைத்து ஒப்பேற்ற முடியாது. வாங்குவதற்கு முன் ரிம்மில் எத்தனை துளை, ஆக்சில் எத்தனை மில்லிமீட்டர், பின் ஃபோர்க்கின் உள் அகலம் 110 மில்லிமீட்டர்தானா என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

அவர் கொண்டுவந்த 25 பல் வீலின் நடுத் துளையையும் அளந்துவிடுங்கள். கிராங்கும் ஆக்சிலும் ஒரே கம்பியாக வளைத்த பழைய வகைக்குச் சுமார் 24 மில்லிமீட்டர் துளை வேண்டும். மூன்று துண்டாக வரும் கிராங்குக்கு 19 அல்லது 22 மில்லிமீட்டர். பெரிய துளைக்குள் வளையம் போட்டுச் சரிசெய்யலாம். சிறிய துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்காதீர்கள், மையம் தப்பிவிடும்.

மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு 44 பல் வீலின் அடிப்பக்கமே சாட்சி. வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல் நுனிகள் நசுங்கியும் வீல் ஒரு பக்கம் வளைந்தும் இருந்தால், தம்பி உண்மையாகவே விளிம்பில் இடிக்கிறார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கீறல்கூட இல்லையென்றால் அது வீடியோ பார்த்து வந்த ஆசை. கண்மாய்க் கரை ஏறுவதற்கும் படியில் குதிப்பதற்கும் காரைக்குடி போய் வருவதற்கும் 44–16ஐவிட இந்த மண்ணுக்கு ஏற்றது இல்லை என்பதுதான் என் கருத்து. கரை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றால், அதே ஃப்ரீவீலோடு முன்னால் 40 பல் மாட்டுங்கள். விகிதம் 2.5க்கு இறங்கும், காலுக்கு இதமாக இருக்கும். இப்போதிருக்கும் செயினே போதும், இரண்டு கண்ணி எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எப்போதாவது இடிக்கிறது என்றால் ஒரு காப்புத் தட்டு போதும்.

இடிபட்ட வீல்தான் என்று தெரிந்தால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். கேசட் ஹப், பின் பல், முன் வீல், புது செயின் என நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய செயினை வெட்டிக் குறைத்துப் புதுப் பல்லில் போட்டால் புதுப் பல்லும் சீக்கிரம் தேயும். பின்னால் 10 பல் டிரைவர் கிடைத்தால் 28–10 வாங்கச் சொல்லுங்கள். கீழே கிடைக்கும் இடத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் குறையும், செயினுக்கு ஆயுள் கூடும். 9 பல்தான் கிடைக்கிறது என்றால் செயினை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆடுகிற அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வித்தைக்காகப் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வழக்கம் பி.எம்.எக்ஸ்காரர்களிடம் உண்டு. சென்னையில் முதலில் வைத்திருந்தவர் அப்படிக் கழற்றியிருந்தால், பல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பின் பிரேக்கை மாட்டுங்கள். திருப்பத்தூர்–காரைக்குடி சாலையில் பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. பிரேக் இல்லாத வண்டியைக் கடையிலிருந்து வெளியே விடாதீர்கள்.